அறியாதார்க்கு இட்ட பெயர்: 'மகுள்' என்னும் குழூஉக்குறி பற்றிய அறவியல் நோக்கு

சொல்வழக்குகளை வகுத்துரைக்கும் நன்னூலார், தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாகக் குழூஉக்குறியைக் கூறுவர். தொழிலால் அல்லது நோக்கால் ஒன்றுபட்ட கூட்டத்தார், ஒரு பொருளுக்குரிய வழக்கமான பெயரை விடுத்துத் தமக்குள்ளே விளங்கும் வேறொரு பெயரால் அதனைச் சுட்டுவது குழூஉக்குறி எனப்படும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் மாணவர் நன்கறிந்த உதாரணங்கள். இவ்வுதாரணங்களிலே ஒரு பொதுமை உண்டு. இவை பொருள்களைச் சுட்டுவன. பொன்னும் ஆடையும் தமக்கு இட்ட பெயரைக் கேட்டு வருந்துவதில்லை. ஆனால், ஒரு குழுவினர் தம்மைச் சேராத மனிதர்க்கே குழூஉக்குறி ஒன்றை இட்டு வழங்குவராயின், ஆங்கே இலக்கண ஆராய்ச்சியோடு அறவியல் ஆராய்ச்சியும் வேண்டப்படுகின்றது. அப்பெயர் தகுமா என்ற வினா எழுகின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்கு மேனாட்டு விளையாட்டொன்றின் சிறு சொல் நல்லதோர் உதாரணமாக அமைகின்றது. 'ஜியோகாஷிங்' என்னும் புதையல் தேடும் விளையாட்டிலே ஈடுபடுவோர், அவ்விளையாட்டை அறியாத பிறரை 'மகுள்' என்று அழைப்பர். கேட்பதற்கு நகைச்சுவையாக ஒலிக்கும் இச்சொல்லிலே வெறுப்போ வசையோ வெளிப்படையாக இல்லை. வசைச்சொல்லின் தீமையைக் காண்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. வசையல்லாத ஒரு சொல் மனிதனைப் பற்றிய நோக்கை எவ்வாறு மாற்றுகின்றது என்பதே ஆராயத்தக்கது.

முதற்கண் விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியமாகும். பூமியில் ஓரிடத்தைச் செய்மதிகளின் துணைகொண்டு அறியும் ஜி.பி.எஸ். முறை ஐக்கிய அமெரிக்க இராணுவத்தினால் அமைக்கப்பட்டது. பொதுமக்கள் பெறும் சமிக்ஞை நெடுங்காலம் வேண்டுமென்றே துல்லியம் குறைக்கப்பட்டிருந்தது. அதனால் ஓரிடத்தைக் காண்பதில் ஏறக்குறைய 100 மீற்றர் வரை பிழை நேரக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி ஜனாதிபதி கிளின்டன் இத்தடையை நீக்கும் முடிவை அறிவித்தார். அன்றிரவு முதல் சாதாரண மனிதனின் கைக்கருவியும் சில மீற்றர்களுக்குள் இடத்தைச் சுட்டலாயிற்று. மே 3ஆம் திகதி ஒறிகன் மாநிலத்துப் போர்ட்லன்ட் நகருக்கு அண்மையிலுள்ள காட்டுப் பகுதியிலே, டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்திக் வாளியைப் பாதி புதைத்து, அதனுள் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை இணையத்தின் வழியாக வெளியிட்டார். சில நாட்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே இவ்விளையாட்டிற்கென ஓர் இணையத்தளம் தொடங்கப்பட்டபோது, உலகில் அறியப்பட்டிருந்த பேழைகள் 75 மட்டுமே. இன்றோ அவை 30 இலட்சத்திற்கும் மேற்பட்டனவாய்ப் பல நாடுகளிலும் பரந்து கிடக்கின்றன. காடுகளிலே தொடங்கிய விளையாட்டு நகரத்துப் பூங்காக்களுக்கும் பாலங்களுக்கும் தெருவோர இருக்கைகளுக்கும் வந்து சேர்ந்துள்ளது.

மறைத்து வைக்கும் பொருளுக்கு முதலில் வழங்கிய ஆங்கிலச் சொல் 'ஸ்ராஷ்' என்பது. போதைப்பொருளைப் பதுக்கி வைப்போரோடு தொடர்புடையதாக அச்சொல் கருதப்பட்டமையால், அதனை விடுத்து, பயணிகளும் வேட்டைக்காரரும் உணவையும் கருவிகளையும் மறைத்து வைத்த இடத்தைக் குறித்த 'காஷ்' என்னும் சொல்லை மே மாத இறுதியிலே ஒருவர் முன்மொழிந்தார். ஆகவே, தம் செயலுக்குப் பெயரிடும்போது அச்சொல் பிறர் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை இவ்விளையாட்டினர் சிந்தித்தனர் என்பது தெளிவு. அப்பிறர்க்கே பெயரிட்டபோது அத்தகைய சிந்தனை நிகழ்ந்ததாகத் தெரியவில்லை.

'மகுள்' என்னும் சொல் இன்றைய பொருளிலே ஜே. கே. றோலிங் எழுதிய ஹரி பொட்டர் நாவல்களிலிருந்து பெறப்பட்டது. முதல் நாவல் 1997இல் வெளிவந்தது. மந்திர ஆற்றல் அற்றவராய்ப் பிறந்த சாதாரண மனிதரை மந்திரவாதிகள் அந்நாவல்களிலே இப்பெயரால் அழைப்பர். எளிதில் ஏமாறுபவனைக் குறிக்கும் 'மக்' என்னும் ஆங்கிலப் பேச்சு வழக்கைச் சற்று மென்மைப்படுத்தித் தாம் இதனை ஆக்கியதாக ஆசிரியர் கூறியுள்ளார். இவ்வொலியுடைய சொல் ஆங்கிலத்திற்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அது காதலியைக் குறித்து வழங்கியதாகத் தெரிகின்றது. 1920களில் அமெரிக்க ஜாஸ் இசைஞரிடையே கஞ்சாவுக்கு அது மறைபெயராக விளங்கிற்று. லூயி ஆம்ஸ்ரோங் 1928இல் ஒலிப்பதிவு செய்த இசை ஒன்றிற்கு அதுவே தலைப்பு. போதைப்பொருளின் சாயலுக்கு அஞ்சி ஒரு சொல்லைக் கைவிட்ட விளையாட்டு, ஒரு காலத்தில் போதைப்பொருளுக்கே பெயராயிருந்த சொல்லை ஏற்றுக்கொண்டமை சொற்களின் வரலாற்றிலே நிகழும் வேடிக்கைகளுள் ஒன்று. 2003இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி இச்சொல்லுக்குப் புதிய பொருளை ஏற்று இடமளித்தது. ஒரு துறையின் திறனோ அறிவோ இல்லாதவர் என்பது அப்பொருள்.

நாவல்களின் புகழ் உச்சத்தை அடைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளிலேதான் புதையல் விளையாட்டும் வளர்ந்தது. பலர் நடமாடும் இடத்திலே, அவர்கள் அறியாவண்ணம், அவர்கள் கண்முன்னேயே வேறோர் உலகிற் செயற்படுதல் மந்திரவாதிக்கும் புதையல் தேடுவோனுக்கும் பொதுவான அனுபவம். எனவே சொல் இயல்பாகவே இடம்பெயர்ந்தது. விளையாட்டினர் தம் குறிப்புகளிலே, 'இன்று மகுள்கள் மிகுதி. தேட இயலவில்லை' என்னும் பாங்கிலே எழுதுவர். அது வினைச்சொல்லாகவும் வழங்குகின்றது. பேழையொன்று விளையாட்டை அறியாத ஒருவரால் எடுக்கப்பட்டோ சிதைக்கப்பட்டோ போயின், அது 'மகுளாக்கப்பட்டது' என்பர்.

இடம்பெயர்ந்தபோது சொல்லின் பொருளிலே முக்கியமான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. நாவல்களிலே மகுளுக்கும் மந்திரவாதிக்கும் இடையிலுள்ள எல்லை பிறப்பினால் ஆயது. மகுளாய்ப் பிறந்தவன் எவ்வளவு முயன்று கற்றாலும் மந்திரவாதியாக முடியாது. இவ்வெல்லையின் ஆபத்தை அந்நாவல்களே உணர்ந்திருந்தன. 2007இல் வெளிவந்த இறுதி நாவலிலே, கொடுங்கோலர் கையிற் சிக்கிய மந்திரவாதிகளின் அரசு, மகுள்களின் உடல்களையே ஆசனமாகக் கொண்டு மந்திரவாதிகள் வீற்றிருக்கும் சிலையொன்றை எழுப்புகின்றது. விளையாட்டிலோ எல்லை அறிவினால் ஆயது. இன்று அறியாதவன் நாளை அறிந்துகொள்ளலாம். அவனும் ஒரு கருவியை ஏந்திப் புறப்படலாம். விளையாடுவோர் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் மகுளாக இருந்தவரே. பிறப்பினால் மூடப்பட்ட கதவு இங்கே திறந்து கிடக்கின்றது. ஆதலின் இச்சொல்லைச் சாதிப்பெயரோடும் இனப்பெயரோடும் ஒப்பிடுதல் பொருந்தாது என்பது இதனை ஆதரிப்போரின் வாதம்.

இவ்வாதத்திற்கு மேலும் வலுவூட்டக்கூடிய கருத்தொன்று ஒல்லாந்து அறிஞர் யொஹான் ஹுயிசிங்காவின் நூலிலே காணப்படுகின்றது. 1938இல் வெளிவந்த 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் அந்நூலிலே, விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து தன்னை வேறுபடுத்திக்கொண்டு தனக்கென ஓர் இடத்தையும் காலத்தையும் விதியையும் வகுத்துக்கொள்கின்றது என்றும், விளையாடுவோர் தம்மைச் சூழ இரகசியத்தை விரும்பி அமைத்துக்கொள்வர் என்றும் அவர் விளக்குகின்றார். இரகசியம் இருக்குமாயின் அதனை அறியாதாரும் இருத்தல் வேண்டும். அவர்களுக்கு ஒரு பெயர் அமைவது இயல்பேயன்றிக் குற்றமன்று எனலாம்.

ஆயினும், இவ்விடத்திலே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். சதுரங்கம் ஆடுவோரின் உலகு பலகையோடு முடிகின்றது. கிரிக்கெற் மைதானத்திற்கு எல்லைக்கோடு உண்டு. அவற்றை அறியாதவன் அவற்றுக்கு வெளியே நிற்கின்றான். புதையல் விளையாட்டிற்கு அத்தகைய எல்லைக்கோடு இல்லை. பூங்காவும் தெருவும் பாலமுமே அதன் மைதானம். அவை மகுள் எனப்படுவோனுக்கும் சொந்தமானவை. பெரும்பாலும் அவனது வரிப்பணத்தாலும் உழைப்பாலும் பேணப்படுபவை. எனவே அவன் மைதானத்துக்குள்ளேயே நிற்கின்றான். அதுமட்டுமன்று, அவன் அறியாதிருப்பதே விளையாட்டின் சுவைகளுள் ஒன்று. அவனுடைய சம்மதமின்றி, அவனுடைய அறியாமை பிறருடைய இன்பத்திற்குக் கருவியாகின்றது. விளையாடாதவன் என்னும் பெயரால் அவன் சுட்டப்படினும், உண்மையிலே அவன் விளையாட்டில் ஒரு பாத்திரமாக்கப்பட்டுள்ளான்.

மொழிவழக்கு இதனைத் தெளிவாகக் காட்டும். விளையாட்டினரின் குறிப்புகளிலே மகுள்கள், மழை, சேறு, முள் ஆகிய இடையூறுகளோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுவதுண்டு. வினைச்சொல்லோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் தெருவோர இருக்கையின் கீழே ஒட்டப்பட்டிருந்த பெட்டியொன்றைக் கண்டு அப்புறப்படுத்துவாராயின், அவர் தம் கடமையைச் செய்தவராவார். விளையாட்டின் மொழியிலே அதே செயல் பேழையை 'மகுளாக்கியது' என்று, கள்வனின் செயலோடும் குறும்பனின் செயலோடும் ஒரே சொல்லால் பதிவாகின்றது. கடமையையும் களவையும் வேறுபடுத்தாத சொல், பேசுவோனின் நலத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட சொல்லாகும்.

இச்சொல்லினுள் மறைந்துள்ள மற்றோர் அனுமானம் இதனினும் முக்கியமானது. மகுள் எதனையும் காண்பதில்லை என்பதே அவ்வனுமானம். இது பொய்த்துப்போன சந்தர்ப்பங்கள் உண்டு. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்திலே இங்கிலாந்தின் மேற்கு யோர்க்ஷயரிலுள்ள வெதர்பி நகரில், ஒருவர் தெருவிலே ஐயத்துக்கிடமான முறையில் நடந்துகொள்வதைக் கண்டவர்கள் பொலிசாருக்கு அறிவித்தனர். நகரின் மையப்பகுதியிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். இராணுவத்தின் குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவினர் வரவழைக்கப்பட்டு, அங்கிருந்த பெட்டி வெடிக்கவைத்து அழிக்கப்பட்டது. அது புதையல் விளையாட்டின் பேழை என்பது பின்னரே தெரியவந்தது.

இந்நிகழ்ச்சியிலே தவறு எங்கே நேர்ந்தது? அறிவித்தவர் கண் திறந்திருந்தார். தம்மைச் சுற்றியிருந்தோரின் பாதுகாப்பிலே அக்கறை கொண்டிருந்தார். குண்டுவெடிப்புகளை அனுபவித்த நாடொன்றின் குடிமகனுக்கு இத்தகைய விழிப்பு வேண்டியதேயாகும். அவர் கண்ட காட்சிக்கு அவரிடமிருந்த விளக்கம் அதுவொன்றே. வேறொரு விளக்கத்தை அவருக்கு எவரும் அளித்திருக்கவில்லை. விளையாட்டினர் அவரை ஒன்றும் காணாதவராக எண்ணியிருக்கலாம். அவரோ கண்டார், ஆனால் அறிவு மறுக்கப்பட்டிருந்தமையாற் பிழையாகக் கண்டார். அறியாமை அவருடையதாயினும், அதனை ஆக்கியவர் பிறரே. ஆகவே, ஒருவனை அறியாதவன் என்று சொல்லுமுன், அவன் அறிவதற்கு வழி செய்யப்பட்டதா என்று கேட்பது சொல்வோனின் கடனாகின்றது.

பார்க்கப்படுவதன் சுமை விளையாடுவோர் எல்லோர் மேலும் சமமாக விழுவதுமில்லை. புதருக்குள் குனிந்து தேடும் வெள்ளையினத்தவரை வழிப்போக்கர் வேடிக்கையாக நோக்கக்கூடும். அதே செயலைக் கறுப்பினத்தவர் ஒருவர் செய்தால் பொலிசார் வரவழைக்கப்படக்கூடும். ஐக்கிய அமெரிக்காவிலே இவ்விளையாட்டில் ஈடுபடும் கறுப்பினத்தவர், தாம் மீண்டும் மீண்டும் நிறுத்தி விசாரிக்கப்பட்டமை பற்றி வெளிப்படையாக எழுதியுள்ளனர். மகுளின் பார்வைக்குத் தப்பித் திரிவது சிலருக்கு விளையாட்டு. சிலருக்கு அது அச்சத்தோடு கூடிய அன்றாட வாழ்வின் தொடர்ச்சி. பிறர் பார்வையைப் பொருட்படுத்தாது நகைப்பதற்கும் ஒருவகைப் பாதுகாப்பு முன்னரே வாய்த்திருத்தல் வேண்டும். அப்பாதுகாப்பு உடையோரே இச்சொல்லின் நகைச்சுவையை முழுமையாக அனுபவிக்க முடியும்.

இவற்றால் பொது இடத்திலே மறைத்தல் என்பதே அறமற்றது என்று முடிவு செய்தல் அவசரமாகும். ஜேர்மனிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் 1795இல் எழுதிய நிலையான சமாதானம் பற்றிய நூலின் பின்னிணைப்பிலே, வெளிப்படைத்தன்மையை ஓர் அளவுகோலாக வைக்கின்றார். பிறருடைய உரிமையைத் தொடும் செயலொன்றின் விதி, வெளியே சொல்லப்பட்ட மாத்திரத்தில் நிறைவேற முடியாது போகுமாயின் அச்செயல் நீதியற்றது என்பது அவர் கருத்தின் சாரம். அரசியலுக்காக வகுக்கப்பட்ட இவ்வளவுகோலை இச்சிறு விளையாட்டிற்கும் பொருத்திப் பார்க்கலாம். இடத்தை மறைப்பது வேறு. விதியை மறைப்பது வேறு. 'இவ்வூரிலே ஆங்காங்குத் தீங்கற்ற பேழைகள் மறைக்கப்பட்டுள்ளன. நிலவுரிமையாளரின் அனுமதி பெறப்பட்டுள்ளது. விரும்பிய எவரும் தேடலாம்' என்று ஊரறியச் சொன்னாலும் விளையாட்டின் சுவை கெட்டுவிடாது. இவ்வாறு சொல்லக்கூடிய நிலையில் நடைபெறும்போது விளையாட்டு கான்ற்றின் சோதனையிலே தேறுகின்றது. அனுமதியின்றி, அடையாளமின்றி, அயலாரின் அச்சத்தைக் கருதாது நடைபெறும்போது தவறிவிடுகின்றது. மறைக்கும் உரிமை, விளக்கும் கடமையோடு பிணைந்தே நிற்கின்றது.

இக்கடமையை விளையாட்டே ஓரளவு உணர்ந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. நிலவுரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பேழையின் மேல் விளையாட்டின் பெயரைத் தெளிவாக எழுதுமாறும் அறிவுறுத்தப்படுகின்றது. இவற்றினும் சிறந்தது பேழையினுள்ளே வைக்கப்படும் ஒரு கடிதம். தற்செயலாகப் பேழையைக் கண்டெடுத்தவரையும் கருத்திற்கொண்டு எழுதப்படும் அக்கடிதம், அவரை வாழ்த்தி, இப்பெட்டி யாது, ஏன் இங்கே உள்ளது என்பதை விளக்கி, விரும்பினால் குறிப்பேட்டிலே எழுதுமாறு அழைத்து, இருந்தவாறே வைத்துவிடும்படி வேண்டிக்கொள்கின்றது. அவ்விடத்துக்குப் பொறுப்பானவர் பேழையை அகற்ற விரும்பின், யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் சொல்கின்றது.

ஒரே விளையாட்டு, ஒரே மனிதனை இருவகையாக அணுகுவதை இங்கே காணலாம். விளையாட்டினர் தமக்குள்ளே உரையாடும்போது அவன் 'மகுள்', அதாவது படர்க்கையிலே சுட்டப்படும் இடையூறு. கடிதத்திலே அவன் 'நீங்கள்', அதாவது முன்னிலையிலே நின்று விளக்கத்தைப் பெறும் உரிமையாளன். மார்ட்டின் பூபர் 1923இல் வெளியிட்ட 'நானும் நீயும்' என்னும் நூலிலே, மனிதன் பிறரோடு கொள்ளும் உறவை இருவகையாகப் பிரித்தார். பிறரைப் பயன்படுத்தத்தக்க பொருளாக அறிவது ஒன்று. எதிரே நிற்கும் 'நீ'யாகச் சந்திப்பது மற்றொன்று. அப்பெரும் பிரிவின் சிறு நிழல், பிளாஸ்திக் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட ஒரு தாளிலும் விழுகின்றது. படர்க்கைப் பெயர் இருத்தல் தவிர்க்க முடியாததாகலாம். எல்லாக் குழுக்களுக்கும் அது உண்டு. அப்பெயருக்கு உரியவனை முன்னிலையிலே அழைப்பதற்கும் அக்குழுவிடம் ஒரு சொல் உண்டா என்பதே அதன் அறத்தை அளக்கும் கோல். கடிதமில்லாத பேழையை வைத்தவன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு விளிப்பை மறந்தவனாகின்றான்.

இவ்வளவுகோல் புதையல் விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. அறிவினால் எல்லை வகுத்து, எல்லைக்கு வெளியே நிற்போர்க்குப் பெயரிடும் வழக்கிலே பல்கலைக்கழகங்களுக்கு நீண்டதொரு மரபு உண்டு. ஜேர்மனிய மாணவர் தம்மைச் சேராத ஊராரை 'பிலிஸ்ரர்' என்று அழைத்தனர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே யேனா நகரில் மாணவருக்கும் ஊராருக்கும் நிகழ்ந்த கைகலப்பில் மாணவர் ஒருவர் இறந்தபோது, மரணச் சடங்கிலே ஆற்றப்பட்ட பிரசங்கத்திலிருந்து இவ்வழக்கு பிறந்தது என்று கூறுவர். விவிலியத்திலே இஸ்ரவேலரின் பகைவராகிய பெலிஸ்தியரின் பெயரே அது. 1869இல் நூலாக வெளிவந்த கட்டுரைகளிலே மத்தியூ ஆர்னல்ட் அச்சொல்லை ஆங்கிலத்திலே பரவலாக்கிய பின்னர், கலையறிவும் பண்பாட்டு நாட்டமும் அற்றவன் என்பதே அதன் நிலைத்த பொருளாயிற்று. தெருச்சண்டையிலே பிறந்ததாகச் சொல்லப்படும் பெயர், இவ்வாறு ஒரு வகுப்பாரின் மனத்தகுதி பற்றிய தீர்ப்பாக மாறிற்று. தமிழிலே 'பாமரர்' என்னும் சொல்லின் நிலையும் இதனின் வேறன்று. கற்றோர் அவையிலே அச்சொல் எளிதாக வழங்குகின்றது. அச்சொல்லால் தன்னைத் தானே சுட்டிக்கொள்ளும் மனிதனைக் காண்பது அரிது.

பல்கலைக்கழகத்தின் மைதானமும் ஊரின் நிலமே. அதன் நூலகத்தையும் விரிவுரை மண்டபத்தையும் தாங்கி நிற்பது, அவற்றுள் ஒருபோதும் நுழையாதாரின் உழைப்பு. அவர்கள் காண்பதில்லை என்று எண்ணுவது, வெதர்பி நகரத்துத் தெருவிலே பொய்த்த அதே அனுமானமாகும். அவர்கள் காண்கின்றனர். விளக்கம் அளிக்கப்படாதபோது தம்மிடமுள்ள விளக்கத்தைக் கொண்டு காண்கின்றனர். அவ்விளக்கம் பிழையாயின் அவர்களைப் பாமரர் என்று நகைப்பது எளிது. ஆராய்ச்சி யாது, அது யாருக்காக, அதிலே அவர்களுக்குள்ள பங்கு என்ன என்பதை அவர்களுக்கு விளங்கும் தமிழிலே முன்னிலையில் நின்று எழுதுவது கடினம்.

குழூஉக்குறியைத் தகுதி வழக்கினுள் அடக்கிய இலக்கண மரபு, பேசுவோனின் சந்தர்ப்பத்திற்கேற்ற தகுதியைக் கருதிற்று. மனிதர்க்கு இடும் குழூஉக்குறிக்கோ பெயர் பெறுவோனின் நோக்கிலிருந்தும் தகுதி பார்க்கப்படுதல் வேண்டும். அறியாதார்க்குப் பெயரிட்ட ஒவ்வொரு குழுவும் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதக் கடமைப்பட்டுள்ளது. அக்கடிதம் எழுதப்பட்டதா என்பதைக் கொண்டே பெயரின் குற்றமும் குற்றமின்மையும் தீர்மானிக்கப்படும்.